சாரங்கபாணி சொன்ன நிறம்

சாரங்கபாணிக்கு அம்மை வார்த்தது பெரிய விஷயமில்லை. அந்தப் பங்குனியில் ஸ்ரீரங்கத்தில் பாதி வீடுகளின் வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. ஆனால் அந்தக் கார் திருச்சிக்கு வந்து சேர்ந்த நாளாகப் பார்த்து அவர் வாசற்படி தாண்டக் கூடாமல் படுத்துக் கிடந்தாரே, அதை நினைத்தால் அவர் மனைவி வேதவதிக்கே பாவமாக இருந்தது. இத்தனைக்கும் அந்தக் காரை அவளுக்குப் பிடிக்காது.

பிடிக்காததற்குக் காரணம் உண்டு. சாரங்கபாணி ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா; சைக்கிளில் காவேரிப் பாலத்தைத் தாண்டிப் போய் வருகிறவர். ஆபீஸ் கிளப்பில் கழித்துப் போட்ட ஒரு ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து படம் ஒன்றைக் கத்தரித்துக்கொண்டு வந்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருந்தார். இரண்டே பேர் உட்காரக்கூடிய பந்தயக் கார். நீண்ட மூக்கு, தரையோடு பதுங்கிய உடம்பு. தினமும் காலையில் திருமண் இட்டுக்கொண்டு, சட்டை எடுக்க அலமாரியைத் திறப்பார். ஒரு சட்டை எடுக்க அவ்வளவு நேரம் ஆகுமா? அடுப்பில் குழம்பு கொதித்து இறக்கியாகிவிடும், மனிதர் இன்னும் அலமாரிக்கு முன்னால்தான் நிற்பார்.

"ஏன்னா, அவளைச் சேவிச்சாச்சா?" என்று வேதவதி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

"ஆச்சு, ஆச்சு" என்று சிரித்துக்கொண்டே வருவார்.

வேடிக்கைப் பேச்சுதான். ஆனால் அவளுக்கு அடிமனதில் கொஞ்சம் உறுத்தல் இருந்தது. கல்யாணம் ஆன புதிதில்கூடத் தன்னை அவர் அப்படி நின்று பார்த்ததில்லை என்பது அவள் கட்சி. நல்ல மனிதர், ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை, தீபாவளிக்குக் கேட்காமலே புடவை வாங்குகிறவர். ஆனால் சாப்பிடும்போது இலையைப் பார்ப்பார், பேசும்போது விட்டத்தைப் பார்ப்பார். போன தை மாதம் அவள் ஆசை ஆசையாக அரக்குப் பட்டுப் புடவையை மடிசாராகக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, "நாழியாச்சு, கிளம்பு" என்றார். காகிதத்தில் இருப்பவளுக்குக் கிடைக்கிற பார்வையில் கால்வாசி தனக்குக் கிடைத்தால் போதும் என்றிருந்தாள் வேதவதி.

படம் கறுப்பு வெள்ளை. அதனால் காரின் நிறம் என்ன என்பது சாரங்கபாணிக்குத் தெரியாது. சிவப்பாகத்தான் இருக்கும் என்று ஒரு நாள் சொல்வார், இல்லை நீலம் என்று மறுநாள் சொல்வார். "ஒரு தடவை கண்ணால பார்த்துட்டாப் போறும் வேதா. வாங்கவா போறேன்? பார்த்துட்டாப் போறும்" என்பார்.

அன்று காலை மன்னார்புரத்துக் கார்ப் பட்டறையிலிருந்து மருதை என்கிற ஆள் சைக்கிளில் வந்தான். பட்டறைக்காரர் அருள்நாதனும் சாரங்கபாணியும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். மருதை வாசல் வேப்பிலையைப் பார்த்ததும் தெருவிலேயே நின்றுகொண்டு, ஜன்னலைப் பார்த்துச் சொன்னான்.

"அய்யா படம் வச்சிருக்கீங்கள்ல, அதே காரு வந்திருக்குங்க. கொடைக்கானலுக்குப் போற தொரையோடது. ஸ்பிரிங் பட்டை ஒடைஞ்சு நின்னுபோச்சு. சாயங்காலம் எடுத்துட்டுப் போயிடுவாராம். மொதலாளி உங்களை உடனே வரச் சொன்னாரு."

சாரங்கபாணி பாயிலிருந்து எழுந்தே விட்டார். அவருடைய அக்கா ரங்கம்மா, தம்பிக்கு அம்மை என்று கேள்விப்பட்டு வந்து வீட்டைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவள், நிலைப்படியில் கையை வைத்து மறித்தாள்.

"தலைக்கு ஜலம் விடற வரைக்கும் வாசப்படி தாண்டப்படாது சாரங்கா. தெரு ஜனத்துக்கெல்லாம் ஒட்ட வைக்கப் போறியா?"

அவர் திரும்பிப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நாற்பது வயது மனிதர், உடம்பெல்லாம் முத்து, வேப்பிலைக்கு நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தார். அந்த முதுகைப் பார்த்ததும் வேதவதிக்கு மனசு தாங்கவில்லை.

"நான் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்றாள். "எனக்குத்தான் சின்ன வயசிலேயே வார்த்தாச்சே."

முதுகு திரும்பியது. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். உடனே உத்தரவுகள் ஆரம்பித்துவிட்டன. முதலில் நிறத்தைப் பார்க்க வேண்டும். பானெட்டைத் திறக்கச் சொல்லி கார்பரேட்டர் எத்தனை என்று கேட்க வேண்டும். கடைசியாக, ஏறி உட்கார்ந்து பார்த்து, எப்படி இருக்கிறது என்று வந்து சொல்ல வேண்டும்.

"ஏறி உட்காரணுமா? நன்னாயிருக்கு."

"எனக்காக உட்காரேன் வேதா."

வேதவதி உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். அதே அரக்குப் பட்டு. ரங்கம்மாவுக்கு முகம் சுருங்கியது. "அம்மை வார்த்த ஆத்திலேர்ந்து கல்யாணத்துக்குப் போறாப்பலன்னா கிளம்பறே?" என்றாள். வேதவதி தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். இத்தனை வருஷமாகத் தன் புருஷனை அலமாரி முன்னால் நிறுத்தி வைத்திருப்பவளைப் பார்க்கப் போகும்போது, சாயம்போன நூல் புடவையிலா போக முடியும்? ஜன்னலைக் கடக்கும்போது ஒரு கணம் நின்றாள். "நிறத்தை மறந்துடாதே" என்றார் அவர், விட்டத்தைப் பார்த்துக்கொண்டு.

ஜட்கா மன்னார்புரம் போய்ச் சேர்வதற்குள் அவள் குறை சொல்லத் தயாராகிவிட்டாள். எல்லாம் தகரம்தானே, என்ன பெரிய தகரம் என்று சொல்லிவிட வேண்டும்.

பட்டறையில் அருள்நாதன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வாங்க தங்கச்சி, அவன் வர முடியலையாமே" என்றார். அவர் மனைவி அக்னஸ் மேஜையில் பில் எழுதிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். அக்னஸ் கார் ஓட்டுவாள் என்று சாரங்கபாணி சொன்னதை வேதவதி அதுவரை நம்பியதில்லை. அக்னஸ்தான் காரின் மேல் போர்த்தியிருந்த படுதாவை இழுத்தாள்.

ஸ்ரீரங்கத்துப் பெண்ணுக்குப் பார்க்கத் தெரிந்த விதம் ஒன்றுதான். சன்னிதியில் அர்ச்சகர் தீபத்தை முதலில் திருவடியில் காட்டுவார். கண் அங்கே போய் விழ வேண்டும். பிறகு தீபம் ஏற ஏற, கண்ணும் மெல்ல மேலே ஏறித் திருமுகத்துக்குப் போக வேண்டும். எடுத்த எடுப்பில் முகத்தைப் பார்க்கிற வழக்கம் கிடையாது. வேதவதியின் கண்ணும், அவள் சொல்லாமலே, தரையில் போய் விழுந்தது.

சக்கரம். மெல்லிய கம்பிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, யாரோ பொறுமையாக உட்கார்ந்து இழுத்த இழைக் கோலமாக இருந்தது. அதற்கு மேல் வளைந்து போகிற மட்கார்டு. அதற்கு மேல் உடம்பு. மழை விட்ட மறுநாள் ஜீயபுரத்து வாழைத் தோப்பில் தெரிகிற பச்சை. நீண்ட மூக்கின் மேல் குறுக்கே ஒரு தோல் வாரைப் போட்டு இறுக்கியிருந்தது. வேதவதி அப்படியே வலமாக நடந்து பின்பக்கம் போய், சுற்றி முன்பக்கம் வந்தாள். விளக்குகள் இரண்டும் அவளைப் பார்த்தன. கை தானாகக் கூப்பிக்கொண்டது.

"காரையா தங்கச்சி கும்பிடுறீங்க?" என்றார் அருள்நாதன்.

"பழக்கம்" என்று சொல்லிக் கையைப் பிரித்தாள். வெட்கமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமே, கொண்டுவந்த குறை ஒன்றையும் காணோம். இவளைப் பார்த்தால் யாருக்குத்தான் நின்று பார்க்கத் தோன்றாது? பாவம், அவர் என்ன செய்வார்? அலமாரிக்கு முன்னால் நின்றதற்கெல்லாம் அவள் மனசுக்குள்ளேயே மன்னித்துவிட்டாள். மன்னித்த கையோடு வேறொரு வருத்தம் வந்து பிடித்துக்கொண்டது. ஆசைப்பட்டவர் அங்கே பாயில் கிடக்கிறார். ஆசைப்படாதவள் இங்கே ஆசை தீரப் பார்க்கிறாள். இதைப் போய் எப்படி வாயால் சொல்வது? தனக்கு அவ்வளவு சொல்லத் தெரியாதே.

அருள்நாதன் பானெட்டைத் திறந்து காட்டினார். கார்பரேட்டர் எத்தனை என்றும் சொன்னார். அது இந்தக் காதில் நுழைந்து அந்தக் காதில் போய்விட்டது. பிறகு அக்னஸ் கதவைத் திறந்து பிடித்தாள். வேதவதி விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து, மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். தரையிலேயே உட்கார்ந்த மாதிரி இருந்தது. உலகம் மொத்தமும் திடீரென்று உயரமாகிவிட்டது.

"இறங்க வேணாம், இருங்க" என்றாள் அக்னஸ். "பட்டை மாத்தினதுக்கு வெள்ளோட்டம் பார்க்கணும். ஜீயபுரம் ரோட்டில கொஞ்ச தூரம் போயிட்டு வந்துடலாம்."

வெள்ளோட்டம் என்ற வார்த்தை வேதவதிக்குத் தேரோடு சேர்ந்த வார்த்தை. தேர் என்றால் சித்திரை வீதி. சித்திரை வீதி என்றால் அவர்கள் வீட்டு ஜன்னல்.

கேட்பதற்கு அவளுக்கு நாக்கு எழவில்லை. தெருவே பார்க்கும். பார்த்ததைத் துறையூர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற பந்துக்கள் இருக்கிறார்கள். ரங்கம்மா வேறு. ஆனால் சுவரைப் பார்த்துக் கிடந்த அந்த முதுகு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"எங்காத்து ஜன்னலுக்கு எதிரே ஒரு நிமிஷம் நிறுத்துவேளா?" என்று கேட்டுவிட்டாள்.

அக்னஸ் புருஷனைப் பார்த்தாள். அருள்நாதன் தலையைச் சொறிந்தார். "அதுவும் ரோடுதானே. பாலத்தில மெதுவாப் போ" என்றார்.

அக்னஸ் மெதுவாகத்தான் போனாள், பாலத்தில் மட்டும். மற்ற இடங்களில் எப்படிப் போனாள் என்பதை அருள்நாதனிடம் யாரும் சொல்லவில்லை. தெப்பக்குளம் வருவதற்குள் வேதவதியின் கொண்டை அவிழ்ந்துவிட்டது. ஒரு கையால் முந்தானையையும் ஒரு கையால் கதவையும் பிடித்திருந்தாள். கொண்டைக்கு மூன்றாவது கை இல்லை. காவேரிக் காற்று முகத்தில் அடித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் எப்போதோ சிரித்த சிரிப்பு அது.

சித்திரை வீதிக்குள் கார் உறுமிக்கொண்டு நுழைந்ததும் கதவுகள் திறந்தன. பெருமாள் புறப்பாடுதான் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டதோ என்று எதிர்வீட்டுக்காரர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்து, காரைப் பார்த்துவிட்டு, கட்டிய துண்டை அவிழ்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். ரங்கம்மா வாசலில் வந்து நின்றாள். அவள் வாயைத் திறந்தாளே தவிர, வார்த்தை ஒன்றும் வரவில்லை.

ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் சாரங்கபாணி தெரிந்தார். வாரப்படாத தலை, முத்து முத்தாக முகம். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தார்.

அவர் கண் முதலில் எங்கே போகும் என்று வேதவதிக்குத் தெரியும். அவரும் ஸ்ரீரங்கத்துக்காரர்தானே. சக்கரத்தில் போய் விழுந்தது. அங்கே கொஞ்சம் நின்றது. மட்கார்டின் வளைவோடு மெல்ல ஏறியது. கதவுக்கு வந்தது. கதவின் விளிம்பைப் பிடித்தபடி இருந்த அவள் கைக்கு வந்தது. கையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து முகத்துக்கு. முகத்துக்கு வந்த கண் அதற்கப்புறம் நகரவில்லை.

அவிழ்ந்த கூந்தல் முகமெல்லாம் பறக்க, இன்னும் சிரிப்பு அடங்காமல் அவள் உட்கார்ந்திருந்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. நேரம் போகிறதே என்றுதான் இருந்தது.

"என்னை என்ன பார்க்கறேள், வண்டியைப் பாருங்கோ. கிளம்பிடும்" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். ஆட்டினாரே தவிர கண்ணை எடுக்கவில்லை. அவர் காதாவது குளிரட்டும் என்று அக்னஸ் இன்ஜினை ஒரு முறை முடுக்கினாள். தெருவே அதிர்ந்தது. அவர் திரும்பவில்லை. சன்னிதியில் அர்ச்சகர் "நகருங்கோ, நகருங்கோ" என்று சொன்ன பிறகும் நகராமல் நிற்பாரே, அந்த நிற்பு. இப்போது வேதவதிக்கு முகம் சுட்டது. அத்தனை பேர் பார்க்க, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மடியைப் பார்த்துக்கொண்டாள்.

அவள் இறங்கியதும் அக்னஸ் கையை அசைத்துவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு போனாள். வேதவதி காலை அலம்பிக்கொண்டு உள்ளே வந்தாள். ரங்கம்மாவுக்கு அதற்குள் வார்த்தை திரும்பியிருந்தது. ஆனால் திட்டுவதற்கு முன்னால் அவளுக்கும் ஒரு ஆசை.

"இத்தனை வருஷமா நிறம் நிறம்னு உசிரை வாங்கினியே சாரங்கா. எனக்கு இருந்த படபடப்புல ஒண்ணும் கண்ணுல படலை. நீ பார்த்தியோன்னோ? என்ன நிறம்டா?"

சாரங்கபாணி பாயில் உட்கார்ந்து வேப்பிலைக் கொத்தால் விசிறிக்கொண்டிருந்தார். யோசிக்கவே இல்லை.

"அரக்கு" என்றார்.

"அரக்கா? தேவலையே" என்றாள் ரங்கம்மா.

புடவை மாற்றிக்கொள்ள உள்ளே போய்க்கொண்டிருந்த வேதவதி நின்றாள். அந்தக் காரில் அரக்கு நிறத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அவள் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டாள். பிறகு, மாற்றாமலே திரும்பி வந்து, அவர் கையிலிருந்த வேப்பிலைக் கொத்தை வாங்கி விசிற ஆரம்பித்தாள்.