இரண்டு பேரின் சராசரி

அட்டைப்பெட்டி உற்பத்தியாளர் சங்கச் செயலாளருக்குப் 'பூட்டு' என்று பெயர் விழுந்துவிட்டது. ஓர் ஆலையின் விலை இன்னோர் ஆலைக்குத் தெரியக் கூடாது என்பது சட்டம். ஆகவே அவரவர் விலையை அவரிடம் மட்டும் சொல்வார்கள். அவர் மாதாமாதம் சராசரியை மட்டும் சுற்றறிக்கையாக அனுப்புவார். அவருடைய அக்கா வீட்டுக்காரரே ஓர் ஆலைக்கு முதலாளி. அவரிடம்கூட ஓர் எண் நழுவியதில்லை.

அன்று மதியம் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அத்தானே வந்து பரிமாறினார்.

“என்ன அத்தான், கவனிப்பு பலமா இருக்கு?”

“இருக்காதா பின்னே? மருந்து கம்பெனி டெண்டரையே தூக்கிக் கையில கொடுத்திருக்கியே மச்சான்!”

“நானா?”

“ரொம்ப நடிக்காதே. இருக்கிறதே மூணு ஆலை. ஒண்ணு இந்த மாசம் மெஷின் பழுதாகி மூடிக் கிடக்கு. சராசரியை இரட்டிச்சு என் விலையைக் கழிச்சேன். மிச்சமிருக்கிற ஆலைக்காரம்மா விலை பல்லை இளிச்சுக்கிட்டு வந்து நின்னுது. நாளைக்கு அதுக்குக் கொஞ்சம் கீழே போடப் போறேன்.”

செயலாளர் வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. மூன்று விலைக்குக் குறைந்தால் சராசரி வெளியிடக் கூடாது என்று விதி எழுதியவரே அவர்தான். சுற்றறிக்கை ஒரு மாதமும் தவறியதில்லை என்ற பெருமையில், வந்த இரண்டை வைத்தே முடித்து அனுப்பிவிட்டார். இந்த டெண்டர் போனால் அந்தம்மா ஆலையை மூட வேண்டியதுதான். அதுவும் அவருக்குத் தெரியும்.

கையைக் கழுவிக்கொண்டு சங்கத்து வக்கீலைக் கூப்பிட்டார்.

“டேய், சாப்பாட்டைப் பாதியில விட்டுட்டு என்னடா ஃபோன்?” என்றாள் அக்கா.

வக்கீலின் குரல் ஸ்பீக்கரில் கூடம் முழுக்கக் கேட்டது. “விலை தெரிஞ்சுக்கிட்டு டெண்டர் போட்டா கேஸ் உங்க ரெண்டு பேர் மேலயும் வரும். உங்க அத்தானை விலகச் சொல்லுங்க. அந்தம்மாகிட்ட இப்பவே நீங்களே சொல்லிடுங்க.”

“கூடப் பிறந்தவ புருஷனையே மாட்டி விட்டுட்டியே!” என்றார் அத்தான்.

செயலாளர் அந்தம்மாவின் எண்ணைப் போட்டார். முதல் மணியிலேயே அந்தம்மா எடுத்துவிட்டார்.

“அம்மா, இந்த மாசச் சுற்றறிக்கையில ஒரு தப்பு...”

“காலையில பிரிச்சதுமே புரிஞ்சுது சார். உங்க அத்தான் விலை எனக்கும் கிடைச்சிருக்கும். கணக்குப் போடாம மூடி வெச்சுட்டேன். நீங்களே கூப்பிடுவீங்கன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். என் விலையை யாரும் பார்த்துடலியே சார்?” என்றார்.

அத்தான் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

“பார்த்துட்டாங்கம்மா,” என்றார் செயலாளர்.

ஃபோனை வைக்கவும் அவருக்கு முகமில்லை.