வெள்ளை மூடி

அந்தக் காட்டில் பெய்ததை மழை என்று சொன்னால் மழையே கோபித்துக்கொள்ளும். ஆறு தலைகீழாகத் தொங்கியது என்று வேண்டுமானால் சொல்லலாம். தவளைகளே நனைய முடியாமல் ஆராய்ச்சிக் கூடாரத்துக்குள் ஒதுங்கின. நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் குந்திய ஒரு தடியன் தவளை, விஞ்ஞானியம்மாவை வாடகை கேட்க வந்தவன்போல் முறைத்தது. அவள் கண் ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்தது. சிவப்பு மூடிப் புட்டி வாங்கியவர்கள் கூரையேறி ஓலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை மூடி வாங்கியவர்கள் போர்வைக்குள் நடுங்கிய நடுக்கத்தில் குடிசைகளும் சேர்ந்து ஆடின. சோதனைக்காக ஒன்றில் காய்ச்சல் மருந்து, மற்றதில் வெறும் மாவு, எதில் எது என்று தனக்கே தெரியாது என்று சொல்லித்தான் கொடுத்திருந்தாள். அன்று அது சத்தியம். இன்று கொசுவுக்குக்கூட விஷயம் தெரிந்துவிட்டது.

படகுக்காரி சொட்டச் சொட்ட உள்ளே வந்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு வெள்ளை மூடி. தலையத் தூக்கவே மாட்டேங்கறாரு. ஒண்ணு கேக்கவா டாக்டரம்மா? உங்களுக்கே காய்ச்சல் வந்தா எந்த மூடியத் திறப்பீங்க?"

நாற்காலிகள் கொட்டாவி விடும்வரை மேடைகளில் பேசக்கூடியவள் விஞ்ஞானி. இப்போது பதிலுக்கு, தலைநகரத்திலிருந்த தலைமை ஆய்வாளருக்குப் போன் போட்டாள்.

"நீ நினைக்கிறது சரிதாம்மா, சிவப்புலதான் மருந்து. ஆனா ஒரு மாசம் பொறு. இப்ப நிறுத்தினா எண்ணிக்கை பத்தாது, எவனும் நம்ப மாட்டான்."

"ஒரு மாசத்துல ஆளுங்க எண்ணிக்கையும் பத்தாம போயிடும் சார். சோதனைய இப்பவே நிறுத்துறேன்."

"உன் வேலை போயிடும்!"

"போகட்டும் சார். இங்க துடுப்பு போட ஆள் வேணுமாம்."

அவர் போட்ட சத்தத்தில் கூடாரத்தின் கயிறே தளர்ந்தது. போனைத் தவளைக்குப் பக்கத்தில் வைத்தாள். அது அவள் சார்பில் பதில் சொல்ல ஆரம்பித்தது. அடுத்த மாதங்களுக்கென்று பூட்டி வைத்திருந்த சிவப்பு மூடிப் பெட்டிகளை இரண்டு பெண்களும் படகில் ஏற்றினார்கள். வீடு வீடாக நின்று, "வெள்ளை மூடி மாவுங்க. இதுதான் மருந்து" என்று தொண்டை கட்டும்வரை சொன்னாள் விஞ்ஞானி.

மழை மூச்சு வாங்க நின்ற ஒரு காலையில் படகின் நடுவே ஒரு மெலிந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"படகா ஓட்டுற? நண்டு நடக்கிற மாதிரி கோணலாப் போகுது!"

"கேட்டீங்களா டாக்டரம்மா? திட்டுறாரு!" என்றாள் படகுக்காரி. முகமெல்லாம் பல்லாக, துடுப்பை ஒரே பக்கமாகப் போட்டு இன்னும் கோணலாக ஓட்டினாள். படகு ஆற்றின் நடுவில் ஒரு முழு வட்டம் சுற்றியது.