காதோரப் பல்பு

எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் காதுக்குப் பின்னால் ஒரு சின்னப் பல்பு உண்டு. தெரிந்த முகத்தைக் கண்டால் மூளை அதை எரியவிடும். கரண்ட் செலவு மெயின்டனன்சில் சேர்த்தி.

கைக்குழந்தை முகத்துக்கு யாருக்கும் எரியும், முன்பின் தெரியாத குழந்தையானாலும். தன் வயதுக்காரர்களில் தெரிந்தவர்களுக்கு நன்றாக எரியும். வயது தள்ளத் தள்ள மங்கல்தான். கிழவர்கள் முகத்துக்கு யாருக்கும் எரிவதில்லை. அவர்கள் வெளியே வருவதை விட்டுவிட்டார்கள்.

எனக்கு ஐம்பது. வாட்ச்மேன் ஜெயசீலனுக்கு இருபது. அன்று மாலை ஆபீசிலிருந்து வந்த என்னை உற்றுப் பார்த்தான். எரியவில்லை.

“யாரைப் பார்க்கணும் சார்?”

“என் வீட்டுக்குப் போகணும்ப்பா. தணிகாசலம், மூணாவது மாடி.”

“அவரு அப்பவே வந்துட்டாரே.”

“யாரு வந்தது?”

“உங்க வயசு முகம்லாம் எனக்கு ஒண்ணு மாதிரிதான் சார் இருக்கு. முதல்ல வர்றவரை உள்ள விட்ருவேன்.”

எனக்குச் சுருக்கென்றது. அதற்குள் ஒருத்தி குழந்தையோடு வந்தாள். ஜெயசீலனின் பல்பு பளீரென்று எரிந்தது. கேட்டைத் திறந்தான். அவர்கள் பின்னாலேயே நுழைந்துவிட்டேன். குழந்தை என்னைச் சந்தேகமாகப் பார்த்தது.

மூன்றாவது மாடி வராந்தா காலையில் இருந்ததைவிட நீளம். நடக்க நடக்க வீடு தள்ளிப்போனது. யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்று நடந்தேன். பயமாகத்தான் இருந்தது.

மகள் ஹரிணி கதவைத் திறந்தாள். அவள் பல்பு லேசாக மினுங்கி அணைந்தது. உள்ளே என் நாற்காலியில், என் கைலியைக் கட்டிக்கொண்டு ஒருவர் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் ஜாடை துளிக்கூட இல்லை.

“அப்பா, யாரோ உங்களைத் தேடி வந்திருக்காங்க,” என்று அவரிடம் சொன்னாள்.

ஆனால் என் மனைவி வசுமதி இருக்கிறாள். அவளுக்கும் என் வயதுதான். அவளுக்கு எரிந்துவிட்டால் அந்த ஆள் எழுந்துதான் ஆக வேண்டும். இங்கே அதுதான் சட்டம்.

வசுமதி சமையலறையிலிருந்து வந்தாள். அந்த ஆளைப் பார்த்தாள். எரியவில்லை. என்னைப் பார்த்தாள். கல்யாணப் பந்தல் போல எரிந்தது.

முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள்.

“யாருன்னு தெரியலையே,” என்றாள்.

துணிக்குள்ளும் எரிந்துகொண்டிருந்தது.

“வசு,” என்றேன்.

“உப்புமா நல்லாருக்குன்னு சொன்னாருங்க,” என்றாள், மெதுவாக.

அந்த ஆள் தட்டிலிருந்து நிமிர்ந்தார். “பாவம், அலைஞ்சு வந்திருக்காரு. தண்ணி குடும்மா.”

வசு எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்தாள். கல்யாணச் சீரில் வந்த டம்ளர். தணிகாசலம் என்று பெயர் வெட்டியிருக்கும். நின்றபடியே குடித்தேன். முந்தானைக்குள் வெளிச்சம் குறையவே இல்லை.

“டம்ளரைக் குடுத்துட்டுப் போங்க,” என்றாள். “அது அவரோடது.”