கிளிகள் நிமிர்ந்த பட்டு

திலீப்புக்குத் துணியில் குறைதான் கண்ணில் படும். நகரியில் ஒரு பவர்லூம் பட்டறையில் அவனுக்கு அதுதான் வேலை. அடியில் டியூப்லைட் எரியும் கண்ணாடி மேசைமேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். அறுந்த இழை, தடித்த இழை, ஓட்டை, எண்ணெய்க் கறை எது வந்தாலும் சாக்பீஸால் சுழித்துவிடுவான். சுழித்த துணி டேமேஜ் கட்டுக்குப் போய்விடும்.

அந்தக் கண்ணோடு அவனைப் பட்டு எடுக்கத் திருப்பதிக்குக் கூட்டிப்போனது அவன் மனைவி காஞ்சனாவின் தப்பு.

ஆனால் அவளால் தனியாகப் போக முடியாது. போன வருஷம் வேலூரில் அவளுடைய இடது மார்பை எடுத்துவிட்டார்கள். கட்டி போயிற்று, இடது கை வீங்கி நின்றுவிட்டது. அந்தக் கையால் பஸ் கம்பியைப் பிடிக்க முடியாது. இறுக்கமான ரவிக்கை போட்டால் சாயங்காலத்துக்குள் விரல்கள் உப்பிவிடும். ஜரிகை முந்தானையின் கனத்தை அந்தத் தோள் தாங்காது.

அவள் தம்பி நிதினுக்குச் சித்தூரில் கல்யாணம் வைத்திருந்தார்கள். தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டதும் மற்ற இரண்டையும் அவனுடைய அக்காவோ தங்கையோ போடவேண்டும். அவர்கள் குடும்ப வழக்கம் அது. பெண் வீட்டார் தெலுங்குக்காரர்கள். அவர்களில் மூன்று முடிச்சையும் மாப்பிள்ளையே போட்டுவிடுவான். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள் அத்தை வெங்கடம்மா. காஞ்சனாவின் அப்பா கல்யாணத்தில் தங்கையாக அந்த இரண்டு முடிச்சையும் போட்டவள் அவள்தான்.

"பொடவ கட்ட முடியலன்னா வுட்டுடு. சல்வாரு போட்டுக்கினு மணவறையில ஏறுவியா? அவங்க வழக்கப்படி மூணையும் அவனே போட்டுக்கட்டும். யாரும் இன்னான்னு கேக்கமாட்டாங்க."

காஞ்சனா வீட்டுக்கு வந்து திலீப்பிடம் சொன்னாள்.

"நான்தான் முடி போடுவேன். பட்டுல குர்தா தச்சிக்கிறேன். நல்ல கைத்தறிப் பட்டு. பொடவ கட்டினவளுங்க திரும்பிப் பாக்கணும்."

திருப்பதிக் கடையில் ரெடிமேட் குர்தாக்கள் எல்லாவற்றுக்கும் கை குறுகல். சேலையாக எடுத்து வெட்டித் தைப்பது என்று ஆயிற்று. யஸ்வந்த் என்ற கடைப்பையன் விரித்துப் போடப் போட, திலீப் ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்தான்.

"இங்க இழ தடிச்சிருக்கு. இதுல ஓரம் பூரா ஓட்ட."

"அண்ணா, தறியில துணி சுருங்காம இருக்க ஊசிக் குச்சி குத்தி இழுத்துக் கட்டுவாங்க. அந்த ஓட்ட அது. ஓட்டயே வாணான்னா மிஷின் துணி காட்றேன்."

"மிஷின் துணி பாக்கவா நகரியிலருந்து வந்தோம்?" என்றாள் காஞ்சனா. "நீ கொஞ்சம் கைய எடுய்யா. டேமேஜ் கட்டுக்குத் துணி பொறுக்க வந்தமாதிரி நிக்கிற."

அவள் தேர்ந்தெடுத்த விதமே வேறு. வீங்கிய கையை மேசைமேல் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு பட்டையும் அதன்மேல் போடச் சொன்னாள். விறைத்து நின்றதை ஒதுக்கினாள். ஜரிகை உறுத்தியதை ஒதுக்கினாள். ஒரு பச்சைப் பட்டு விழுந்தபோது அவள் கண்ணைத் திறக்கவில்லை. அந்தக் கை மேசைமேல் மெல்லத் தளர்ந்ததைத் திலீப் பார்த்தான்.

வெயிலில் பார்க்க வாசலுக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே பச்சையாக இருந்தது, வெளியே மடிப்பு அசைந்ததும் ஊதாவாகி, மறுபடி பச்சையானது. நீள இழையான பாவு பச்சை, குறுக்கே ஓடும் ஊடை ஊதா. உடம்பெல்லாம் சின்னச் சின்னக் கிளிகள். இத்தனை வருஷம் துணியைப் பார்த்தவனுக்குத் துணி திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. தடித்த இழை ஒன்று நடுவில் ஓடியது. அதில்தான் வெளிச்சம் முதலில் ஏறியது. அவன் விரல் சாக்பீஸைத் தேடாமல் அதைத் தடவிப் பார்த்தது.

புத்தூரில் சபீனாவிடம் தைக்கக் கொடுத்தார்கள். ரவிக்கைக்கும் சுடிதாருக்கும் பேர்போனவள். துணியை நீளவாக்கில் விரித்துச் சாக்பீஸால் கோடு போட்டு, கத்தரியை எடுத்தாள். திலீப் பாய்ந்து துணிமேல் கையை வைத்தான்.

"அக்கா, நில்லு. கிளிங்கல்லாம் படுத்துக்கினு இருக்குது."

சபீனா குனிந்து பார்த்தாள். சேலை உடம்பைச் சுற்றிப் போவது. நீளம் இடுப்பைச் சுற்றும், அகலம்தான் உயரமாக நிற்கும். அதற்கேற்றபடி நெய்த கிளிகள், நீளவாக்கில் வெட்டியிருந்தால் குர்தா முழுக்கப் பக்கவாட்டில் செத்து விழுந்த மாதிரி இருந்திருக்கும்.

"யா அல்லா. முடி போடப் போற பொண்ணுக்கு இப்பிடித் தச்சிருப்பேனே."

துணியைத் திருப்பினார்கள். தோளிலிருந்து பிடித்தால் சேலையின் அகலம் காஞ்சனாவின் முழங்காலைத் தாண்டியது. ஜரிகைக் கரை தானாகக் கீழ்விளிம்பில் வந்து உட்கார்ந்தது. தறியோரம் பிரியாது, மடித்துத் தைக்கத் தேவையில்லை என்றாள் சபீனா. முந்தானையில் கை வெட்டலாம், இரண்டையும் ஒரே அளவில் அகலமாக வைத்துவிட்டால் வீக்கம் தெரியாது என்றாள்.

"வலது கைக்குத் தகுந்தமாரி வலது. இடது கைக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ," என்றாள் காஞ்சனா.

"ரெண்டும் வேறவேறயா இருக்கும்மே?"

"வேறவேறயாதான இருக்குது."

கல்யாணத்தன்று அவள் கழுத்தில் தாலியோடு நிறுத்திக்கொண்டாள். பட்டு போதும் என்றாள். காதில் ஜிமிக்கி, தலையில் மல்லி, வெளிர்மஞ்சள் பேன்ட். காற்றுக் கனமே இல்லாத துப்பட்டாவை வலது தோளில் மட்டும் போட்டு இடுப்பில் ஊசி குத்தினாள். இடது கை முழுசாகத் தெரிந்தது. வீங்கிய கை. முந்தானை ஜரிகை அதன்மேல் ராஜாங்கமாக இறங்கியது.

மண்டபத்தில் வெங்கடம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஐயருகிட்ட சொல்லியாச்சிடீ. மூணும் அவனே போடுவான்."

மேளம் வேகமெடுத்தது. நிதின் குனிந்து முதல் முடிச்சைப் போட்டான். ஐயர் தெலுங்கில், நிறுத்தாமல் மற்றதையும் போடு என்றார். நிதின் நிறுத்தினான். கயிற்றின் இரண்டு நுனிகளையும் பெண்ணின் பின்கழுத்தில் பிடித்துக்கொண்டு, நிமிராமல், "அக்கா" என்றான்.

காஞ்சனா படி ஏறினாள். மேடைக்குப் பின்னால் வீடியோக்காரன் வைத்திருந்த விளக்குக்கு முன்னால் குர்தாவின் விளிம்பு வீசி விரிந்தது. கீழே கரையோரம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வெளிச்சம். கடையில் வேறொரு பட்டில் திலீப் தடவிக் குறை சொன்ன அதே ஊசிக் குச்சி ஓட்டைகள். டியூப்லைட் மேசைமேல் அவன் எத்தனையோ ஓட்டை பார்த்தவன். இவை வரிசை கட்டி எரிந்தன.

பெண்ணின் பின்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். மார்பு உயரத்துக்குமேல் அந்தக் கை ஒரு வருஷமாக எழுந்ததில்லை. இப்போது மணப்பெண்ணின் கழுத்துக்கு எழுந்தது. பாதியில் நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டு மேலே கொண்டுபோனாள். குர்தாவின் அகலக் கை சரிந்து பட்டு பச்சையிலிருந்து ஊதாவுக்குப் போயிற்று. பெண்ணின் பின்னல் கயிற்றை மறைத்தது. பின்னலை விலக்க அவளுக்கு இன்னொரு கை இல்லை.

வெங்கடம்மா மேடையேறிப் பின்னலைத் தூக்கிப் பிடித்தாள்.

"போடு," என்றாள். "கெட்டியா போடு. எங்கண்ணனுக்கு நான் போட்டமாரி."

காஞ்சனா இரண்டாவதைப் போட்டாள். மூன்றாவதையும் போட்டு இழுத்தாள். அட்சதை விழுந்தது. பட்டின்மேல் ஒட்டிய மஞ்சள் அரிசியைத் தட்டிவிட வந்த வெங்கடம்மாவின் கை, கிளிகள்மேல் கொஞ்ச நேரம் நின்றது.

"யாருடி தச்சது?" என்றாள். "எல்லாம் நேரா நிக்கிதே."