மீத்தாவின் பாவாடை

நாற்பத்தொன்பதாம் வருஷம், மார்ச் மாதம். மீத்தாவையும் அவள் மகளையும் ரயிலடியில் கொண்டுபோய் விட, என்னையும் என் பனிவண்டியையும் பிடித்து வந்திருந்தார்கள். ரஷ்யர்கள் எங்கள் ஆட்களைச் சைபீரியாவுக்கு நாடுகடத்துகிற ரயில். நேற்று விடிந்ததும் நாங்கள் வந்தபோது அடுப்பு சூடாக இருந்தது. வீட்டில் ஆளில்லை. பின்வாசலிலிருந்து பனியில் இரண்டு ஜோடிக் காலடித் தடங்கள் காட்டுப் பக்கம் போயிருந்தன.

"தேடவேணாம். இங்கயே காத்திருப்போம், தானா வருவா," என்றான் வோல்டெமார். கிராம சபைக்காரன், என்னோடு பள்ளியில் படித்தவன்.

அவன் சொன்னது சரிதான். கொட்டகையில் புனிக் என்ற சிவப்புப் பசு கத்திக்கொண்டிருந்தது. மூன்று வேளையாகக் கறக்கவில்லை. அந்தச் சத்தம் காடுவரை கேட்கும். கணவன் சிறைக்குப் போனால் எங்கள் பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். மடி கனத்த மாட்டை விட்டு இருக்க மாட்டார்கள். பக்கத்துப் பண்ணைக்காரி நேற்று இப்படித்தான் வாளியும் கையுமாக அகப்பட்டாள். ரயில் நாளை மறுநாள் கிளம்பும். அதுவரை தாங்கினால் மீத்தா பிழைப்பாள்.

"மாடு இனிமே கூட்டுப்பண்ணைச் சொத்துதானே?" என்றேன்.

"ஆமா. அதுக்கென்ன?"

"மடி கெட்டுப்போச்சுன்னா யார் பதில் சொல்றது? நீதான் சொல்லணும்."

வோல்டெமார் மேலிடத்துக் கேள்விக்கு மட்டும் பயப்படுவான்.

"அப்போ நீயே கறடா. நான் பாக்கறேன்."

எங்கள் பக்கம் ஆண்கள் கறப்பதில்லை. கறந்தால் சாகிறவரை சொல்லிச் சிரிப்பார்கள். முதல் இழுப்பிலேயே புனிக் உதைத்தது; வாளி சுவரில் மோதியது. கால்சட்டை போட்டவன் கை அதற்குப் பழக்கமில்லை. மீத்தா என்றே மாடு நினைக்கட்டும் என்று, ஆணியில் தொங்கிய அவள் பாவாடையைக் கட்டிக்கொண்டேன். அவள் தலைத்துணியையும்.

"அடியே, உனக்கு எப்படீ கல்யாணம் ஆகாம இருக்கு?" என்றான் வோல்டெமார். எங்களோடு காவலுக்கு வந்திருந்த, பாஷை தெரியாத ரஷ்யச் சிப்பாயும் சிரித்தான்.

"பொண்ணு பாக்க வந்தியா, பால் வேணுமா?" என்றேன்.

வோல்டெமார் குவளையை நீட்டினான்.

பசு அடங்கியது. மாலையும் மறுநாள் இரண்டு வேளையும் அதே பாவாடை. என் விரல்கள் வீங்கின. காட்டிலிருந்து யாரும் வரவில்லை.

ஆனால் பட்டியலில் ஒரு குடும்பம்கூடக் குறையக்கூடாது. வோல்டெமார் மாற்றுப் பெயர்கள் இருந்த கடைசிப் பக்கத்தைப் புரட்டி, தையற்காரி ஆல்வீனேயின் பெயரைக் கண்டுபிடித்தான். என் வண்டியில்தான் போனாள், தையல் மிஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. நான் குதிரையை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

ரயில் போன மறுநாள், நான் கறக்க வந்திருந்தபோது, மீத்தா தனியாக வந்தாள். மகள் எங்கே என்று நான் கேட்கவில்லை. நேராகப் புனிக்கிடம் போய் ஒவ்வொரு காம்பாகப் பிடித்துப் பார்த்தாள்.

"பின்காம்புல பால் கட்டியிருக்கு. கடைசிச் சொட்டு வரைக்கும் கறக்கணும்னு தெரியாதா?"

"தெரியாது."

"அன்னைக்குக் காட்டோரம் வரைக்கும் வந்துட்டேன். சத்தம் நின்னுச்சு. யாரோ கறக்கறாங்கன்னு திரும்பிட்டேன்."

உட்கார்ந்து கறந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைத் திருப்பாமல் கேட்டாள்.

"எனக்குப் பதிலா வண்டியில யாரு?"

சொன்னேன்.

அவள் கை நின்றது. புனிக் திரும்பிப் பார்த்தது. மறுபடி வாளியில் பால் விழத் தொடங்கியது.

"அவளுக்கு ஒரு ஆடு உண்டு," என்றாள். "ரெண்டு நாளா யாரும் கறந்திருக்க மாட்டாங்க. போ. பாவாடைய எடுத்துட்டுப் போ."