சுண்ணாம்பு படாத கதவு

1

இந்தக் கதை கிடைத்த இடத்திலிருந்து நான் ஓடி வந்தவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரப்பர் சீட்டு ஏற்றிக்கொண்டு கூலாய் டவுனுக்குப் போன லாரி வழியில் பழுதாகி நின்றது. ஏற்றி இறக்கும் கூலி நான். வெயிலுக்கு ஒதுங்கலாம் என்று, மூடிப்போன ஒரு ரப்பர் தோட்டத்தின் லயத்துக்குள், கூலிகள் இருந்த வரிசை வீடுகளுக்குள், நுழைந்தேன். ஆள் கிடையாது. வரிசையாகப் பலகைக் கதவுகள், ஒவ்வொன்றிலும் விரலால் இழுத்த ஒரு சுண்ணாம்புக் கோடு. கடைசி வீட்டுக்கு மட்டும் கதவே இல்லை. நிலையில் கீல் பிடுங்கிய ஓட்டைகள் இருந்தன.

மீதியைச் சொன்னவர்கள் கூலாய் டீக்கடைக்காரர்கள். எல்லாரும் அந்தக் கதவுவரைக்கும் வந்து வாயை மூடிக்கொண்டார்கள்.

2

"ஆற்றின்மேல் அந்தப் பாலம் ஒரு கிழட்டு யானையைப் போல..."

(எழுதி அடித்துவிட்டேன். மூட்டை சுமந்து அதன்மேல் நடந்தவனுக்கு யானை ஞாபகம் வராது, கால் ஞாபகம்தான் வரும்.)

"இருபத்தொன்பதாம் வருஷம், மழைக்கு முன்னால், தோட்டத்து ஜனங்கள் ஒற்றுமையாக..."

(ஒற்றுமை என்று எழுதும்போதே கை கூசுகிறது. இதுவும் வேண்டாம்.)

நேராகச் சொல்கிறேன். மிளகுத் தோட்டம் போட்ட சீனர்கள் அந்தக் காலத்தில் கட்டிய மரப்பாலம் அது. முதல் கப்பலில் வந்த நம் ஆட்கள் அதில் நடந்துதான் காட்டுக்குள் போனார்கள். அந்த இருபத்தொன்பதாம் வருஷத்துக்குள் பலகை உளுத்துவிட்டது, நடுத்தூண் சாய்ந்துவிட்டது. துரைக்கு இந்தக் கரையிலேயே லாரிப் பாதை இருந்தது. பாலம் அவருக்கு வேண்டாம். ஜனங்களுக்கு வேண்டும். அக்கரையில்தான் ஆஸ்பத்திரி, சுடுகாடும் அங்கேதான்.

பாலத்தைச் சரிபண்ணும் வசூலுக்கு ஐயாசாமி கிளம்பினார். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர்; மாரியம்மன் திருவிழா வசூல் எப்போதும் அவர் பொறுப்பு. எழுதப் படிக்கத் தெரியாது. கொடுத்த வீட்டில் மறுபடி போய் நிற்கக் கூடாதே என்று, வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டுக் கதவில் ஒரு கோடு இழுத்துவிட்டு வருவார். திருவிழாவுக்குச் செய்கிற அதே வழக்கம்.

3

பிறகு அந்தப் பேச்சு வந்தது. யார் கொண்டுவந்தது என்று தெரியாது.

"தூணு நிக்கணும்னா அடியில ஒரு தலை வைக்கணுமாம்."

"யாரு தலை?"

"கோடு போடாத வீட்டுத் தலைதான். வேற எதுக்குக் கோடு போடுறாரு?"

[எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் இந்தமாதிரி ரப்பர் கித்தாக்காட்டில் வளர்ந்தவன்தான். பாலம் கட்டுகிற சேதி வந்தால், தலை எடுக்க ஆள் வருவான் என்று என் அம்மா கதவுக்குப் பின்னால் உலக்கையைச் சாத்தி வைப்பாள்.]

அதுவரை நாளை, மறுநாள் என்று தட்டிக் கழித்தவர்கள் ஐயாசாமியைத் தேடி வந்து கொடுத்தார்கள். மோதிரத்தை அடகு வைத்துக் கொடுத்தவனும் உண்டு. "அண்ணே, கோட்டை நல்லா அழுத்தி இழுங்க, மழையில அழிஞ்சிறப் போவுது" என்றார்கள்.

இங்கேதான் ஐயாசாமியை எழுதத் தடுமாறுகிறேன். அது அப்படி இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாலம் நிற்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். கெட்ட மனிதரா? தெரியவில்லை. வேலை முடிய வேண்டும் என்று நினைக்கிற மனிதர். அந்தமாதிரி ஆட்களோடுதான் நான் தினமும் மூட்டை தூக்குகிறேன்.

4

கருப்பாயி மட்டும் கொடுக்கவில்லை. தனியாக இருந்தவள். போன மழையில் அவள் புருஷன் பாலத்துப் பலகை முறிந்து ஆற்றில் போனவன்.

"ஏதாச்சும் குடு தாயி. ஒரு பிடி அரிசின்னாலும் போதும்."

"குடுத்தாச்சுண்ணே. அந்தப் பாலத்துக்கு எம் புருசனையே குடுத்தாச்சு. இன்னும் என்னா வேணுமாம் அதுக்கு?"

ஐயாசாமி கோடு இழுக்காமல் திரும்பினார். (கொடுக்காத வீட்டில் கோடு போடுவது அவருக்குப் பொய்க்கணக்கு.)

தூண் நடும் நாள் நெருங்கியது. லயம் முழுக்க வெள்ளைக் கோடு, ஒரு கதவு மட்டும் வெறும் கதவு. ஜனங்களுக்கு மூச்சு லேசாக வந்தது. கருப்பாயியைக் கண்டால் அன்பாகக்கூடப் பேசினார்கள். குழாயடியில் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா கேட்டாள்:

"ஏங்க்கா, ஒங்க முட்டைக்கோழி இருக்குல்ல, அதை யாருக்கு விடப்போறீங்க?"

இந்த வரியை மூன்று தடவை அடித்துப் பார்த்தேன். திரும்பத் திரும்ப வந்து உட்காருகிறது. கருப்பாயி குடத்தை அங்கேயே போட்டுவிட்டு நேராக ஐயாசாமியிடம் போனாள்.

"கோடு போடுண்ணே."

"நீதான் ஒண்ணும்..."

"எங்கிட்ட ஒண்ணுமில்ல. பயமா இருக்குண்ணே. சும்மாவாச்சும் போடு."

5

அவர் போட்டார். சாயங்காலம், ஆள் கணக்குக் கொடுத்துவிட்டுப் பெரட்டுக் களத்திலிருந்து வந்த எல்லார் கண்ணுக்கு முன்னாலும் அவள் கதவில் நீளமாக ஒரு கோடு இழுத்தார்.

லயத்துக் கடைசியில் இருந்த தன் வீட்டுக்கு நடந்தார். கூட்டமும் பின்னால் நடந்தது. ஏன் வருகிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. வாசலில் அவர் மனைவி செல்வராணி கதவை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, நம்ம கதவைப் பார்த்தீங்களா?"

வசூலுக்குப் போகிறவன் தன் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. திருவிழாவுக்குத் திருவிழா அவர் பங்கை முதலிலேயே போட்டுவிடுவார். கோடு தேவைப்பட்டதே இல்லை. அந்தக் கதவு வெறுமையாக இருந்தது. லயத்திலேயே அது ஒன்றுதான்.

"போடுங்க. சுண்ணாம்பு இருக்குல்ல, போட்டுத் தொலைங்களேன்!"

"போட்டா, நானே அதை நம்புறேன்னு ஆயிரும்டி."

"போடாட்டி?"

அவர் விரலில் கருப்பாயிக்குத் தொட்ட சுண்ணாம்பு இன்னும் ஈரமாக இருந்தது. திரும்பிப் பார்த்தார். தன்னைத் தேடி வந்து கொடுத்த முகங்கள்தான் எல்லாம். யாரும் கோபமாக இல்லை. காத்திருந்தார்கள். முன்வரிசையில் கருப்பாயி நின்றாள். அவளுக்கும் மூச்சு லேசாக வந்துகொண்டிருந்தது.

6

அந்தக் கதவுக்கு அப்புறம் நானே எழுதிப் பார்த்த முடிவு ஒன்று: ஐயாசாமி தானே கதவைக் கீலோடு கழற்றினார். "கோடு இல்லாத கதவுதானே ஒங்களுக்குப் பயம்? இனிமே கதவே இல்ல" என்று தோளில் சுமந்துபோய்ப் பாலத்துக்குப் பலகையாகக் கொடுத்தார். எனக்குப் பிடித்த முடிவு இது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

முடிவு இரண்டு: அன்றைக்கே ஐயாசாமியும் செல்வராணியும் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டார்கள். வெளியிலிருந்து யாரோ அதை...

(இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும்.)

எது நடந்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. லயத்திலிருந்து ஆற்றுக்குக் கூப்பிடு தூரம்தான். பாலம் நிற்கிறது, நடுத்தூண் நேராக இருக்கிறது. லாரி மேலிருந்தே தெரிந்தது. கிட்டப் போய்க் குனிந்து, பலகைகளில் ஒன்றாவது கதவா, கீல் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

நான் போகவில்லை. டிரைவர் ஹாரன் அடித்ததும் ஓடி வந்து ஏறிக்கொண்டேன்.

பாலம் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் போய்ப் பாருங்கள். பலகைகள் எல்லாம் வெறும் பலகைகளாக இருந்தால், எனக்குச் சொல்ல வேண்டாம்.