எதிரில் இளவரசி

அத்திப்பட்டில் ரயில் நின்றபோது ஏறிய பெண், பெட்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா!" என்று கூவிக்கொண்டு நேராக இளவரசியிடம் வந்தாள். இளவரசி தன் புருஷன் முத்துராஜின் பக்கம் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தாள். அவன் ஜன்னலோடு ஒட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. வந்தவள் மோகனப்பிரியா, திருவொற்றியூரில் வங்கி வேலை, போன மாதம்தான் கார்டு ஆட வந்து சேர்ந்தாள் என்று இளவரசி சொன்னாள். மோகனப்பிரியா அவனைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள்.

"அண்ணா, நீங்க அக்காவ விட்டுட்டுப் போக வந்தீங்களா? இல்ல, கூடவே இருந்து கூட்டிட்டுப் போவீங்களா?"

முத்துராஜின் தோள்பையில் அவனுடைய கார்டுக் கட்டு இருந்தது. மூன்று வருடமாக அதோடுதான் அவன் இந்த ரயிலில் போய்வருகிறான். போன மாதம் இவள் வந்த அன்றும் அவன் அங்கே ஆடிக்கொண்டுதான் இருந்தான். "காத்தாட நிக்கிறேன்" என்று எழுந்து கதவோரம் போய்விட்டான். எண்ணூர் வரைக்கும் வெளியே சாம்பல் நிறத்தில் மண்ணும் உயரக் கம்பங்களும் ஓடின. பின்னால் இளவரசியின் சிரிப்பு கேட்டது. வீட்டில் அவள் அப்படிச் சிரித்து அவன் கேட்டதில்லை என்று நினைத்தான். பிறகு, அது பொய், கேட்டிருக்கிறோம் என்றும் தோன்றியது. ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை.

அவனுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை. கப்பலில் அடுக்கிய பெட்டிகளை இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். கூட வேலை பார்த்த ஒருவன் சாப்பாட்டு நேரத்தில் இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தான். சிங்கப்பூருக்குப் போகும்போது தன் கார்டுக் கட்டையும் இவனிடமே கொடுத்துவிட்டுப் போனான். கல் யானை, இறக்கை முளைத்த மீன், எரியும் மரம் என்று ஒவ்வொரு கார்டிலும் ஒரு படம். படத்துக்குக் கீழே அது என்ன செய்யும் என்று பொடி எழுத்தில் இங்கிலீஷ். ஆளுக்கு இருபது உயிர். எதிராளியின் உயிரைக் கரைத்துத் தீர்ப்பவன் ஜெயித்தான். முத்துராஜ் ஒவ்வொரு கார்டையும் கைப்பேசியில் படம் பிடித்து, தமிழாக்கிப் படித்து, மனப்பாடம் செய்தான். மாதம் ஒரு ஞாயிறு புரசைவாக்கத்தில் செருப்புக்கடைக்கு மேலே இருந்த சின்ன மாடியில் போட்டி நடக்கும் என்று தெரிந்ததும் போகத் தொடங்கினான்.

பெரும்பாலும் பாதியிலேயே தோற்றுவிடுவான். அதைப் பற்றி அவனுக்குப் பெரிய வருத்தமில்லை. அவனுடைய மீனவ ஊரான கோட்டைக்குப்பத்தில் அவன் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவன். துறைமுகம் வேண்டாம் என்று கொடி பிடித்தவர்களில் அவனுடைய நைனாவும் ஒருவர். ஊரில் பாதிப்பேர் அவனிடம் நின்று பேசுவதில்லை. அந்த மாடியில் இது எதுவும் யாருக்கும் தெரியாது. அங்கேயும் அவன் அதிகம் பேசுவதில்லை, இங்கிலீஷ் தடுக்கும் என்ற கூச்சம். ஆனால் ஒரு நல்ல பெயர் மட்டும் இருந்தது. எதிராளி தன் கார்டு தரும் சலுகையை மறந்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தால், முத்துராஜ் கையை நீட்டி நிறுத்துவான். "உங்களுக்கு ஒண்ணு பாக்கி இருக்குது." அப்படிச் சொல்ல வேண்டும் என்று சட்டம் இல்லை. சொன்னதால் அவன் தோற்றதும் உண்டு. போட்டியை நடத்தும் கார்டுக் கடைக்காரர் பிராங்க்ளின் ஒருமுறை எல்லார் முன்னிலையிலும், "முத்து மாதிரி ஆடுங்கப்பா" என்றார். அந்த மாதம் முழுக்க அவன் அதை நினைத்துக்கொண்டே கம்பி முறுக்கினான்.

இளவரசி அங்கே வந்தது அவளுடைய அம்மா பவுனம்மாளால். "ஒம் புருசன் மெட்ராசுக்குச் சீட்டாடப் போறானாம்டி, ஊரே சொல்லிக்கினு திரியுது." இளவரசி சண்டை போடவில்லை. "நானும் வரேன் மாமா, அப்டி இன்னாதான் இருக்குதுன்னு பாக்கறேன்" என்று புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்றைக்கு மாடியில் அவள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பிராங்க்ளின் ஒரு பழைய கார்டுக் கட்டைக் கொடுத்து ஆடச் சொன்னார். அவள் பழவேற்காடு பஜாரில் மருந்துக்கடையில் வேலை செய்பவள். பொடி எழுத்து அவளை மிரட்டவில்லை. புரியாததை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டாள். "தம்பி, இதுக்கு இன்னா அர்த்தம்? மெதுவா சொல்லு." பொறியியல் படித்தவனும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரனும் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். முத்துராஜ் அத்தனை நாளும் கேட்கக் கூசிய கேள்விகளை அவள் ஒரே மத்தியானத்தில் கேட்டுத் தீர்த்தாள். தப்பாக ஆடினால் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். ஆறேழு மாதத்துக்குள் இரண்டு தடவை கடைசி எட்டுப் பேரில் ஒருத்தியாக வந்துவிட்டாள். முத்துராஜ் ஒரு தடவைகூட வந்ததில்லை.

அவள் ஜெயிப்பதுகூட அவனுக்குப் பெரிதில்லை. மாடிப்படி ஏறியதும் எல்லாத் தலைகளும் திரும்பி, "அக்கா வந்தாச்சு" என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அவள் பின்னால் அவனும்தான் ஏறி வருவான்.

அன்று அவன் நன்றாக ஆடினான். மூன்று சுற்றில் இரண்டு ஜெயித்தான். இளவரசியும் இரண்டு. நான்காவது சுற்றுக்கு யாரோடு யார் என்று டிவியில் வந்ததும் மாடியில் ஒரு சலசலப்பு. பிராங்க்ளின் கையைத் தட்டினார். "வீட்டுச் சண்டை, அஞ்சாவது மேசை!"

ஜெயிப்பவர் கடைசி எட்டுக்குப் போகலாம். தோற்றவர் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

இளவரசி எதிரில் உட்கார்ந்து கார்டுகளைக் கலைத்தாள். "மாமா, வுட்டுக் குடுத்தேன்னு சொல்லக் கூடாது, ஆமா." அவன் தலையை மட்டும் ஆட்டினான். சுற்றி நான்கைந்து பேர் நின்றார்கள். எல்லாரும் அவள் பக்கத்தில் நின்றது போலத்தான் அவனுக்குப் பட்டது.

அவள் சீக்கிரமே ஊற்றுக் கார்டை இறக்கிவிட்டாள். பாறையிலிருந்து நீர் பொங்கும் படம். அது மேசையில் இருக்கும்வரை, ஒவ்வொரு முறை அவள் ஆட வரும்போதும் இரண்டு உயிர் ஏறும். ஆனால் அதை அவள் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த கார்டை எடுக்க வேண்டும். எடுத்துவிட்டுப் பிறகு சொன்னால் செல்லாது. அவளும் தவறாமல் சொல்லிக்கொண்டுதான் வந்தாள். "ஊத்து, ரெண்டு." மருந்துச் சீட்டைப் படிக்கும் குரல். முத்துராஜ் அடித்து இறக்க இறக்க அவள் ஏறிக்கொண்டே இருந்தாள். 

அவளுக்கு ஐந்து உயிர் மிச்சமிருந்தபோது, தன் ஆட்டத்தை முடித்துவிட்டு வந்த மோகனப்பிரியா பின்னாலிருந்து குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னாள். இளவரசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே கையை நீட்டி அடுத்த கார்டை எடுத்துக்கொண்டாள்.

ஊற்றைச் சொல்லவில்லை.

முத்துராஜின் வலது கை மேசையிலிருந்து அரை அங்குலம் எழுந்தது. பழகிய கை. அவன் அதைத் திரும்ப மேசைமேல் வைத்தான். அவள் கார்டு அவள் பொறுப்பு என்று நினைத்தான். சிரிக்கட்டும், நல்லா சிரிக்கட்டும் என்று நினைத்தான். அவள் ஒரு சின்ன மிருகக் கார்டை இறக்கிவிட்டு, "உன் ஆட்டம் மாமா" என்றாள்.

அவன் தன் எல்லா மிருகக் கார்டுகளையும் ஏவி அடித்தான். அவள் தடுத்தது போக உள்ளே விழுந்த அடி ஆறு. அவளிடம் இருந்தது ஐந்து. இரண்டு ஏறியிருந்தால் ஏழு.

"போச்சா!" என்றாள் இளவரசி. கையை நீட்டி அவன் கையைக் குலுக்கினாள். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அவனுக்காக அந்த மாடியில் எழுந்த முதல் கைதட்டல் அதுதான். இளவரசி கார்டுகளை வாரி ஒன்றாக்கும்போது ஊற்றின் மேல் அவள் விரல் நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் சட்டைப் பையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டான்.

கடைசி எட்டில் அவனுக்கு எதிரில் வந்தது மோகனப்பிரியா. அவன் மனம் ஆட்டத்தில் இல்லை. மூன்றாவது தடவை கார்டு எடுக்கக் கை நீட்டியபோது அவள் தடுத்தாள்.

"அண்ணா, உங்களோடது ஒண்ணு பாக்கி இருக்கு. அத எடுத்துட்டு ஆடுங்க."

அவன் நீட்டிய கையைப் பின்னால் இழுத்தான்.

"நீங்க எல்லாருக்கும் இப்டித்தான் சொல்வீங்களாமே. ட்ரெயின்ல அக்கா அதையேதான் சொல்லிட்டு வந்தாங்க. 'எனக்கு நேர்மையா ஆடக் கத்துக் குடுத்ததே மாமாதான், அது மாதிரி ஒருத்தர் ஆடிப் பாத்ததில்ல'ன்னு. நீங்க கதவுகிட்ட போய் நின்னுட்டீங்க. நான் காலைல அப்டிக் கேட்டதுக்கு சாரிண்ணா."

முத்துராஜ் அந்தக் கார்டை எடுத்தான். அது என்ன கார்டு என்று அவனுக்குத் தெரியவில்லை. சீக்கிரமே தோற்றான். இளவரசி சுவரோரமாக நின்று கடைசிவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எழுந்தபோது எல்லாரோடும் சேர்ந்து அவளும் கை தட்டினாள். மற்றவர்கள் நிறுத்தியபோது அவளும் நிறுத்திவிட்டாள்.

திரும்பும்போது ரயிலில் கூட்டம். அவளுக்கு ஒரு இடம் கிடைத்தது, அவன் நின்றுகொண்டு வந்தான். மீஞ்சூரில் இறங்கி வண்டி நிறுத்தத்தில் பைக்கை எடுத்து உதைக்கும்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"ஊத்த நா வுட்டத நீ பாத்த தானே மாமா?"

"எந்த ஊத்து?"

அவள் ஏறி உட்கார்ந்தாள். வண்டி ஊரைத் தாண்டி வயல்களுக்கு நடுவே போயிற்று. நெல் அறுத்து முடித்த தாளில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. எப்போதும் அவன் தோளில் இருக்கும் கை இன்றைக்கு இல்லை. பின்னாலிருக்கும் கம்பியைப் பிடித்திருந்தாள்.

"பாத்தேன்" என்றான் ரொம்ப தூரம் போன பிறகு. "அதுக்கு இன்னா இப்போ? சொல்லணும்னு சட்டமா?"

"சட்டமில்ல. நா மறந்தது எந் தப்புதான்." காற்றில் அவள் குரல் அறுந்து அறுந்து வந்தது. "எதிர்ல வேற யாரு குந்தியிருந்தாலும் சொல்லிருப்ப. அதான் கேட்டேன்."

அவனுக்கு மன்னிப்புக் கேட்கத்தான் தோன்றியது. வாயில் வந்தது வேறு. "நீ பாட்டுக்கு சிரிச்சிக்கினு இருந்த. அங்க வந்தா நா ஒருத்தன் இருக்கறதே உனக்குத் தெரியாது."

"சிரிக்கக் கூடாதா?"

"அப்டிச் சொன்னனா?"

"அடுத்த மாசம் நா வரல. நீ போய்ட்டு வா."

  அவள் வராத மாடியை ஒரு கணம் நினைத்துப் பார்த்தான். நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியைக் கண்டு அவனுக்கே வெட்கமாயிற்று.

கோட்டைக்குப்பத்துக்குள் நுழையும் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டி, கடற்கரை மணலைக் கொட்டி மூடியிருந்தார்கள். சாயங்கால வெயில் பழவேற்காட்டு ஏரிப் பக்கமிருந்து மணல்மேல் சாய்வாக விழுந்திருந்தது. பைக்கின் முன்சக்கரம் புதைந்து வண்டி ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. அவள் இறங்கிக்கொண்டாள். அவனும் இறங்கி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளத் தொடங்கினான். சக்கரம் நகரவில்லை. உடம்பை முன்னால் சாய்த்து இன்னொரு முறை தள்ளினான். பின்னால் வண்டியின் கம்பியில் வளையல் உரசும் சத்தம் கேட்டது. சக்கரம் கொஞ்சம் உருண்டது, பிறகு இன்னும் கொஞ்சம். அவள் தள்ளுகிறாளா, நடக்கத் துணையாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மட்டும் வருகிறாளா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் வண்டி நின்றுவிடும் போலிருந்தது. தலையைக் குனிந்தபடி, மணலில் முன்னால் நீளும் இரண்டு நிழல்களைப் பார்த்துக்கொண்டே அவன் தள்ளினான்.